ஐந்தாவது உப்பு மூட்டை

கூட்ட அறை மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நான்கு உப்பு மூட்டைகளை அதன்மேல் வரிசையாக வைக்கச் சொன்னார் அந்தப் பெண்மணி. ஒவ்வொன்றும் ஐந்து கிலோ இருக்கும். வெள்ளைத் துணியில் தைத்து, வாயைச் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டிய மூட்டைகள். அந்தோனியார் குருசடிக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் நேர்ச்சையாக வருகிற மூட்டைகளிலிருந்து அவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவற்றைத் தூக்கிவந்த காவலர் முத்துச்செல்வம், கடைசி மூட்டையை வைத்ததும் வழக்கம்போல் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜெபசீலன் நாற்காலிக்கு அருகில் நின்றுகொண்டேயிருந்தார். வந்திருப்பவர் நிற்கும்போது தாம் உட்காருவது முறையல்ல என்று நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த நாள் முதல் அவருக்குப் பழக்கம். பவளத்திட்டு டெர்மினலில் அவர் நிர்வாக மேலாளர். பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவருடைய பெயரை எழுதித் தரவேண்டும் என ஐந்தாண்டுகளுக்கு முன் உத்தரவு வந்தபோது, கையெழுத்து அழகாக இருக்கும், யாரிடமும் மனத்தாங்கலுக்குப் போகமாட்டார் என்ற இரண்டு தகுதிகளைக் கருதி அவர் பெயரே எழுதப்பட்டது. அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

"என் பேர் ரீனா. உங்க டெர்மினலுக்குக் காப்பீடு கொடுத்திருக்கிற நிறுவனம் அனுப்பிப் பாதுகாப்புச் சோதனைக்கு வந்திருக்கேன்," என்றார் அந்தப் பெண்மணி. "முன்னறிவிப்பு இல்லாமச் சோதிக்கலாம்னு உங்க ஒப்பந்தத்திலேயே இருக்கு."

"தாராளமாக, அம்மா. தங்களுக்கு எந்தெந்தக் கோப்புகள் வேண்டுமோ..."

ரீனா கோப்பு எதையும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து முதல் மூட்டையின் சிவப்பு நூலை வெட்டினார். உப்பு மேசையில் சரிந்தது. சரிந்த உப்பின் நடுவே, மதிய உணவு டப்பா அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று தலைநீட்டியது. இரண்டாவது மூட்டையிலும் ஒன்று. மூன்றாவதிலும், நான்காவதிலும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'சோதனைப் பொருள். உள்ளே செங்கல் மட்டுமே உள்ளது. கண்டெடுத்தவர் கீழ்க்காணும் எண்ணுக்குத் தெரிவிக்கவும்.'

"ஏழு நாளாக் காத்திருந்தோம். ஒரு போன் வரலை," என்றார் ரீனா.

முத்துச்செல்வம்தான் முதலில் வாயைத் திறந்தார். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். 

"ஏ அம்மா! போன செவ்வாக்கெழம முக்காடு போட்டு வந்தவிய நீங்கதான? மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேல கெடைக்கணும்னு நேர்ச்சன்னு அழுதிய!"

"ஆமா அண்ணாச்சி. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

"அட கெடுத்தியே! நாந்தானே ஆட்டோல இருந்து ஒண்ணு ஒண்ணாத் தூக்கிக்கொண்டு வச்சேன்! பொம்பளப்பிள்ள சொமக்காளேன்னு!"

"ஒண்ணைத்தான் நான் தூக்கினேன். மிச்சத்தை எல்லாம் நீங்கதான் உள்ளே கொண்டு வந்தீங்க. தண்ணி வேற வாங்கிக் கொடுத்தீங்க."

முத்துச்செல்வம் தம்முடைய இரண்டு கைகளையும் அந்நியருடைய கைகளைப் போலப் பார்த்தார்.

ஜெபசீலன் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு வெளியே, முந்நூறு அடி தூரத்தில், வெண்ணிறத்தில் குவிமாடம் கவிழ்த்தாற்போல அம்மோனியா டேங்க் வெயிலில் நின்றது. கப்பலில் வந்து இறங்கும் திரவ அம்மோனியா அதில்தான் குளிர வைத்துச் சேமிக்கப்படும். பிறகு லாரிகளில் உர ஆலைகளுக்குப் போகும். ஊர்க்காரர்கள் டெர்மினல் என்று சொல்வதில்லை. அமோனியாக் கிட்டங்கி என்பார்கள்.

கிட்டங்கி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் குருசடி இருந்தது. கடற்கரையோரம் ஒரு சிலுவை, அதன் கீழ் அந்தோனியார் சுரூபம், மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்மேடை. நிலம் வாங்கியபோது, குருசடியை இடிப்பதில்லை, செவ்வாய்தோறும் காலை ஆறு மணி முதல் பதினொன்று வரை கிழக்கு வாயிலைத் திறந்துவிடுவது என்று நிறுவனம் ஊர்க்கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது. வருகிறவர்கள் உப்பும் மிளகும் மெழுகுதிரியும் கொண்டு வருவார்கள். மந்திரித்த உப்பில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

ஜெபசீலன் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே முத்துச்செல்வம் அவரிடம் வந்து, "சார், கெழக்கு வாசல்ல வார பைகளப் பிரிச்சுப் பாத்துத்தான் விடணும்," என்று சொல்லியிருந்தார். ஜெபசீலன் அன்று வெகுநேரம் யோசித்தார். தாம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் தம்முடைய வீட்டில் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் கத்தோலிக்க மக்களின் நேர்ச்சைப் பொருளைக் கிளறிப் பார்க்கச் சொன்னால், வேதக்காரரிலேயே இவருக்கு எங்கள் சாமி ஆகாது என்று பேச்சு வராதா? ஆகவே, 'நேர்ச்சைப் பொருள்களைப் பிரிக்க வேண்டாம். பக்தர்களின் மனம் புண்படலாகாது' என்று அழகிய கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கிழக்கு வாயில் காவல் அறையில் ஒட்டச் செய்தார். அந்தக் குறிப்பு இன்றும் அங்கே இருக்கிறது. எழுத்து மங்கும்போதெல்லாம் புதிதாக எழுதிக் கொடுப்பவரும் அவரே.

"உங்க பாதுகாப்புத் திட்டத்தைப் படிச்சேன் சார்," என்றார் ரீனா. "பக்கம் பதினேழு. 'நதிக்கரை வாயிலில் இரவும் பகலும் இருவர் காவல் புரிவர்.' உங்களுக்கு எந்த நதி?"

ஜெபசீலனுக்கு முகம் வெளுத்தது. வேறு மாநிலத்து டெர்மினல் ஒன்றின் திட்டத்தை யாரோ அனுப்பி வைத்திருந்தார்கள். பெயரை மாற்றினார்கள். நதியை மாற்றவில்லை. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்திட்டு வந்திருக்கிறார். பதினேழாம் பக்கத்தை ஒரு முறையும் வாசித்ததில்லை.

"ஆத்துக்குப் போகணும்னா புன்னக்காயலுக்குல்லா பஸ் ஏறணும்," என்றார் முத்துச்செல்வம் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அதை அப்புறம் பேசலாம்." ரீனா உப்பு படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டார். "நான் கொண்டு வந்தது அஞ்சு மூட்டை. இன்னைக்குக் காலைல குருசடியில நாலுதான் இருக்கு. ஒண்ணு எங்கே?"

முத்துச்செல்வம் மேசையிலிருந்த மூட்டைகளை விரலால் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

ஜெபசீலனுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, விருந்தாளி நிற்க, அவர் உட்கார்ந்தார்.

சென்ற புதன்கிழமை மாலை ஷிப்ட் இன்சார்ஜ் அனிஷ் அவரிடம் வந்திருந்தான். முப்பது வயது, திரேஸ்புரத்துப் பையன், வேலையில் கெட்டி. மார்கழியில் ஒரு வால்வு கசிந்தபோது முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடி அடைத்தவன் அவன்தான். அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"சார், ஒரு வேண்டுதல்," என்று தயங்கினான். "குருசடியில நேத்து நெறய உப்பு வந்துருக்கு. ஒரு மூட்டைய டேங்க் அடில கொண்டு வைக்கட்டுமா? பசங்களுக்கு எல்லாம் மனசுக்குள்ள பயம் கெடக்கு சார். அந்தோனியார் உப்பு அங்கன இருந்தா ஒரு தைரியம்."

டேங்கைச் சுற்றியிருந்த உள்வேலிக்குள் எந்தப் பொருள் போனாலும் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதி. ஜெபசீலன் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். உடனே அனிஷின் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றியது. அல்லது தோன்றியதாக அவருக்குப் பட்டது. சி.எஸ்.ஐ.க்காரர் என்பதால் தயங்குகிறார் என்று நினைத்துவிட்டானோ? "அதற்கென்ன தம்பி, நல்ல காரியம்தானே," என்று சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பொருள் என்ற கட்டத்தில் 'உப்பு, ஒரு மூட்டை' என்றும், சோதிக்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்றும் அவரே எழுதினார்.

"சார்?" என்றார் ரீனா. "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"வாருங்கள்... பார்த்துவிடலாம்," என்றார் ஜெபசீலன். கதவைத் திறந்து முன்னால் நடந்தார்.

*

டேங்கின் வடபுறக் காலடியில், காங்கிரீட் விளிம்பின் மேல், ஒரு சிறு மரச்சிலுவைக்கு முன்னால் ஐந்தாவது மூட்டை இருந்தது. வாடிய சாமந்திச் சரம் ஒன்றை அதன்மேல் யாரோ சாத்தியிருந்தார்கள். டேங்கிலிருந்து வெளியேறும் பெரிய குழாயும் அதன் வால்வும் கை எட்டும் தூரத்தில் இருந்தன.

ரீனா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அதுவரை நிதானமாக இருந்த அவருடைய முகம் அப்போதுதான் மாறியது.

"நான் குருசடியோட நின்னுட்டேன்," என்றார். "உள்வேலியை எங்களால தாண்ட முடியாது, இந்த இடம் பத்திரம்னு அறிக்கைல எழுதியும் வச்சிட்டேன். இதை யாரு இங்கே கொண்டு வந்தது?"

ஷிப்டிலிருந்த அனிஷ் ஓடிவந்தான். ரீனா நூலை வெட்டினார், உப்பு சரிந்தது, பெட்டி தெரிந்தது. அனிஷ் அதைப் பார்த்தான். தாளில் எழுதியிருந்ததை வாசித்தான். பிறகு வால்வைப் பார்த்தான். 

"மாதாவே," என்றான். "தெனமும் இதத் தொட்டுக் கும்பிட்டுத்தான ஷிப்ட் ஏறுதேன்."

ரீனா ஒரு வரைபடத்தை விரித்தார். டெர்மினலைச் சுற்றி ஒரு வட்டமும், கடலிலிருந்து ஊரை நோக்கி ஓர் அம்புக்குறியும் அதில் இருந்தன. "இப்ப கொண்டல் காத்து. கடல்ல இருந்து ஊருக்குள்ளே அடிக்குது. இந்த டேங்குக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று தொடங்கியவர் அனிஷைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதில்லை. அம்புக்குறியின் முனையில் ஒரு சிறு சதுரம் இருந்தது. அது பள்ளிக்கூடம். ஜெபசீலனின் மனைவி ஈவாஞ்சலின் அங்கே ஐந்தாம் வகுப்பு ஆசிரியை.

செய்தி எட்டி, நிர்வாக இயக்குநர் சிவப்பிரகாஷ் பத்தரை மணிக்குள் வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுக்காரர், அப்பா காலத்து உப்பு வியாபாரத்திலிருந்து டெர்மினல்வரை வளர்ந்த குடும்பம். கூட்ட அறை மேசையில் சிதறிக் கிடந்த உப்பைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"கடலுக்குக் கடற்படை இருக்கு. துறைமுகத்துக்கு மத்தியப் படை இருக்கு. ஊருக்குப் போலீஸ் இருக்கு. வரி கட்டுதோம்லா மேடம்? தீவிரவாதியப் பிடிக்கதுக்கு நாங்க என்ன பட்டாளமா நடத்துதோம்? நாங்க யாவாரிங்க."

"அவங்க எல்லாரும் இருக்காங்க சார்," என்றார் ரீனா. "உங்க சுவருக்கு வெளியே இருக்காங்க. சுவருக்கு உள்ளே இருக்கறது உங்க டேங்க், உங்க வாசல், உங்க திட்டம். அதுல உங்க அதிகாரி கையெழுத்து. கடற்படை வந்து உங்க உப்பு மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காது."

சிவப்பிரகாஷ் ஜெபசீலனை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"வியாழக்கெழம கப்பல் வருது. டெர்மினல் பத்திரமா இருக்குன்னு வருசா வருசம் குடுக்க உறுதிமொழி இன்னைக்கு நாலு மணிக்குள்ள போயாகணும். போகலன்னா துறைமுகத்துல சரக்கு எறக்க விடமாட்டான். தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அந்தக் குருசடி நம்ம எல்லைக்கு வெளியன்னு எழுதுங்க. உள்ள மூட்டைய வச்சது அனிஷ்தான? விதிய மீறி யாருக்கும் தெரியாம வச்சுட்டான்னு எழுதி, அவன இன்னைக்கே நிறுத்திருங்க. ஒரு ஆளு தப்பு. அதோட முடிஞ்சுது. உங்க பேரும் கெடாது, எம் பேரும் கெடாது. என்ன, சரிதான?"

ஜெபசீலன் வாயைத் திறந்தார். 'நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன்' என்ற நான்கு சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன. எதிரே இருப்பவர் கோபமாக இருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையல்ல என்ற பழைய பழக்கம் அவற்றை அப்படியே உள்ளே தள்ளியது.

"ஆகட்டும் சார்," என்றார்.

*

கால்கள் அவரைக் கிழக்கு வாயிலுக்குக் கொண்டு போயின. வாயில் அடைக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. குருசடியைப் பார்த்துக்கொள்ளும் ஞானசௌந்தரி, கல்மேடையில் உருகிக் கிடந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கணவரும் இரண்டு மகன்களும் கடலுக்குப் போகிற குடும்பத்தைச் சேர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். யாரையும் வைவதற்குத் தயங்கமாட்டார்.

"என்ன சார், இந்த அந்தோனியார் இன்னைக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சாரா? அஞ்சு வருசமா அந்த மரத்தடியோட திரும்பிருவிய."

"அக்கா, தங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தவறாக நினைக்கக்கூடாது." ஜெபசீலன் கைகளைக் கோத்துக்கொண்டார். "இனிமேல் நேர்ச்சை மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டியிருக்கும். உங்கள் ஜனங்களுக்கு அது எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமும்..."

"என்ன வருத்தம்?"

"இல்லை... நேர்ச்சைப் பொருள். அதுவும், நான் சி.எஸ்.ஐ..."

ஞானசௌந்தரி சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம் மவனுவ கடலுக்குப் போயிட்டு வந்தா கோஸ்ட் கார்டுக்காரன் வந்து மீன் பெட்டியெல்லாம் கம்பிய விட்டுக் குத்திப் பாக்கான். ஐஸ கவுத்துப் பாக்கான். அட்டைய காட்டுங்கான், பேரச் சொல்லுங்கான். ஒரு நாளு மாதா படத்துக்குப் பின்னால கூடத் தட்டிப் பாத்தான். நாங்க என்ன, வருத்தப்பட்டுக் கடலுல விழுந்தா செத்தோம்? பாத்துட்டுப் போன்னுதான விடுதோம்? உப்ப நீங்க பாத்தா அந்தோனியாருக்கு என்ன கொறஞ்சு போவுது? அவரு உப்புக்காகவா ஒக்காந்திருக்காரு?"

"நீங்கள்... மறுப்புச் சொல்லியிருக்க மாட்டீர்களா?"

"நீங்க கேட்டியளா சார்? ஒரு நாளாவது வந்து கேட்டியளா?"

ஜெபசீலன் கோத்திருந்த கைகளைப் பிரித்தார்.

"எங்க வீடெல்லாம் எங்கன இருக்கு?" ஞானசௌந்தரி கத்தியால் சுவருக்கு அப்பால் சுட்டிக்காட்டினார். "ஒங்க டேங்குக்கு நேர் பின்னால. வெடிச்சா மொதல்ல நாங்கதான. பாக்காம விடுங்கன்னு நாங்க சொல்லுவோமா? நீங்களா எங்களுக்குன்னு ஒரு மனசச் செஞ்சு வச்சு, அது புண்ணாவும்னு நீங்களே பயந்துகிட்டா, நாங்க என்ன செய்ய?"

காலையில் ஐந்தாவது மூட்டை எங்கே என்று தெரிந்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது வேறு வகையாக இருந்தது. அது அவரை உட்கார வைத்தது. இது அவரை அசையவிடாமல் நிறுத்தியது. ஐந்து ஆண்டுகளாக மரியாதை என்று தாம் நினைத்திருந்தது மரியாதையே இல்லை. கேட்பதற்கு அஞ்சிய ஒருவர் தமக்குத் தாமே ஒட்டிவைத்துக்கொண்ட குறிப்பு அது. அதை அவர் கண்ணாடிபோலத் தெளிவாகக் கண்டார்.

மரத்தடிக்கு வந்ததும் கைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். பள்ளி இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"ஈவா, கிட்டங்கியில் ஏதாவது கசிந்தால் பிள்ளைகளை எந்தப் பக்கம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்கள்?"

"என்னங்க, பொசுக்குன்னு இப்படிக் கேக்கிய? யாரு சொல்லுவா? ஒங்க கிட்டங்கில இருந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்லையே." சற்று நின்று, "ஏன், ஏதும் ஆயிட்டா? குரல் ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

"ஒன்றும் ஆகவில்லை," என்றார் ஜெபசீலன். அதைச் சொல்லும்போதுதான், ஒன்றும் ஆகாமல் போனதில் தம்முடைய பங்கு கடுகளவும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. உள்ளே செங்கல் இருந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

உள்வேலிக் காவல் அறையில் முத்துச்செல்வம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சென்ற புதன்கிழமைப் பக்கம். 'உப்பு, ஒரு மூட்டை. சோதிக்கப்பட்டதா: ஆம். ஜெ. ஜெபசீலன்.'

"அந்த அம்மா இன்னும் இதக் கேக்கல சார்," என்றார் முத்துச்செல்வம், தாழ்ந்த குரலில். "எம்.டி.யும் பாக்கல. என் டீ டம்ளரு இங்கனதான் இருக்கு. கை தவறிக் கொட்டிருச்சுன்னு வைங்க, இந்த ஒரு பக்கம் ஊறிப் போவும். நான் சொல்லுதேன் நான்தான் கொட்டுனேன்னு. மூட்டையத் தூக்குன பாவத்தோட இதும் ஒண்ணு."

ஜெபசீலன் அந்த டம்ளரைப் பார்த்தார். ஆறிப்போன தேநீர், மேலே ஆடை படர்ந்திருந்தது. எவ்வளவு எளிது என்று தோன்றியது. வேலிக்கு அப்பால், டேங்கின் காலடியில் சிதறிய உப்பை அனிஷ் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தான். மந்திரித்த உப்பு மிதிபடக்கூடாது என்று, துடைப்பத்துக்குத் தப்பிய ஒவ்வொரு உப்புக்கல்லையும் வெறுங்கையால் பொறுக்கி வாளியில் போட்டான். வேலை போகப்போவது அவனுக்கு இன்னும் தெரியாது.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார். "டீயைக் குடித்துவிடுங்கள்."

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தார். கதவைத் தட்டவேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார்.

"இடைமறிப்பதற்கு மன்னிக்கவேண்டும்," என்றார்.  பதிவேட்டை விரித்து, உப்பின் மேலேயே, ரீனாவுக்கு முன்னால் வைத்தார். "மூட்டையை உள்ளே விட்டது நான். அனிஷ் முறைப்படி என்னிடம் அனுமதி கேட்டான். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். கிழக்கு வாயிலில் பிரிக்கவேண்டாம் என்று எழுதி ஒட்டியதும் நான். நதிக்கரை வாயிலுக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்."

சிவப்பிரகாஷ் எழுந்துவிட்டார். "என்னவே இது! வராந்தாவுல என்ன பேசினோம், இங்க வந்து என்ன உளறுதீரு?"

"தங்களிடம் அப்போதே சொல்லியிருக்கவேண்டும், சார். அதற்கும் மன்னியுங்கள்."

"உறுதிமொழி? கப்பல்?"

"டெர்மினல் பத்திரமாக இருக்கிறது என்று இன்றைக்கு என்னால் எழுத முடியாது, சார். தயவுசெய்து என்னை வற்புறுத்தாதீர்கள். வேறு யாராவது எழுதினால், அவர் முதலில் கிழக்கு வாயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும்."

"ஓம்ம வேல போயிரும்வே."

"போகலாம், சார்."

ரீனா கைபேசியை எடுத்தார். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, தம்முடைய அறிக்கையில் உள்வேலி பத்திரமானது என்று எழுதியிருந்த வரியை அடித்தார்.

*

வியாழக்கிழமை வந்த கப்பல் துறைக்குள் நுழைய அனுமதியின்றி வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றது. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் சிவப்பிரகாஷின் குரல் தொலைபேசியில் உயர்ந்துகொண்டே போயிற்று. ஜெபசீலனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதினைந்து நாள் தவணை. அதுவரை அவர்தான் பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பொறுப்பில் பெயரெழுதிக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை. அனிஷின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் டேங்கின் அருகே போகும்போதெல்லாம் அந்த வடபுறக் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டே நடந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெபசீலன் கிழக்கு வாயிலில் ஒரு பழைய மேசையைப் போட்டு, அருகில் நின்றார். மங்கிய குறிப்பு கிழிக்கப்பட்டு, அதன் பசைத்தடம் மட்டும் காவல் அறைச் சுவரில் தெரிந்தது. வரிசையில் இருபது, இருபத்தைந்து பேர் இருந்தார்கள். ஏதோ ஒரு முணுமுணுப்பு வரும், யாராவது கோபித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார்.

முன்வாயிலில் இதற்கிடையே ஒரு சலசலப்பு. சிவப்பிரகாஷின் கார் வந்திருந்தது. முத்துச்செல்வத்தின் குரல் இங்கேவரை கேட்டது.

"சார், டிக்கியத் தொறங்க."

"ஏலே, என்ன தெரியலையா ஒனக்கு?"

"நல்லாத் தெரியுது சார். உப்பு மூட்டையோட வந்த அந்த அம்மாவையும் எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது."

கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. பிறகு டிக்கி திறக்கும் ஓசை.

வரிசையின் முதலில் ஞானசௌந்தரி நின்றார். மூட்டையை மேசைமேல் வைத்து, அவர் கேட்பதற்கு முன்பே தம் பல்லால் நூலைக் கடித்து வாயை அவிழ்த்தார்.

"மேலால பாக்காதிய சார். மேலால எல்லாம் உப்புதான். கைய உள்ள விடுங்க."

ஜெபசீலன் சட்டைக்கையை முழங்கைவரை மடித்தார். "மன்னிக்கவேண்டும், அந்தோனியாரே," என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. அதைக் கேட்டு ஞானசௌந்தரி சிரித்ததும் அவருக்குக் கேட்டது. உப்பு குளிர்ந்திருந்தது. விரல்கள் உள்ளே, இன்னும் உள்ளே போயின. ஒவ்வொரு விரற்கடைக்கும் ஏதோ ஒரு கடினமான மூலை தட்டுப்படப் போகிறது என்று மூச்சு நின்று நின்று வந்தது. கடைசியில் நகங்களில் துணி பட்டது.

அடியில் ஒன்றுமில்லை.

கையை வெளியே எடுத்தார். உப்பு ஒட்டிய அந்தக் கையாலேயே அடுத்த மூட்டையைத் தம் பக்கம் இழுத்தார்.